பிரஷர் வாஷர் பம்பு துடிக்கிறதா, பிரஷர் இறங்குகிறதா: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் முறை

பிரஷர் இறங்கியதும் பம்பைப் பிரித்துவிடுகிறார்கள், அல்லது புது பம்புக்கு விலை கேட்கிறார்கள். இரண்டுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது தண்ணீர் வரும் வழி, நாசில் (தண்ணீர் பீய்ச்சும் முனை), ஓ-ரிங் (இணைப்பில் கசியாமல் பிடிக்கும் ரப்பர் வளையம்). இந்த மூன்றுக்கும் ஆகும் செலவு ஒரு சீல் கிட் (பம்பின் உள் சீல்கள் சேர்ந்த செட்) விலைக்குப் பக்கத்தில்கூட வராது. அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத சோதனை முதலில் வருகிறது, பணம் இழுக்கும் வேலை கடைசியில் வருகிறது. வரிசையைத் தாண்டிப் போகாதீர்கள்.

வீட்டில் கார், மொட்டைமாடி கழுவ வைத்திருக்கும் சின்ன மெஷின், வாட்டர் சர்வீஸ் கடையில் மோட்டாரும் பெல்ட்டுமாக ஓடும் மூன்று பிளஞ்சர் (சிலிண்டருக்குள் முன்னும் பின்னும் ஓடித் தண்ணீரைத் தள்ளும் தண்டு) பம்பு, மருந்தடிக்க வாங்கி வண்டி கழுவவும் பயன்படுத்தும் எச்டிபி பம்பு, எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். வேறுபடும் இடங்களில் தனியாகச் சொல்லியிருக்கிறது.

கை வைப்பதற்கு முன்

பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. தண்ணீர்க் குழாயை மூடி, கன் டிரிகரை அழுத்தி உள்ளே நிற்கும் பிரஷரை வெளியேற்றுங்கள். மோட்டார் நின்றாலும் ஹோஸுக்குள் பிரஷர் அடைத்து நிற்கும். இதைச் செய்யாமல் எந்த நட்டையும் தளர்த்தக் கூடாது.

ஹோஸில் ஊசித்துளைக் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. 100 பார் தண்ணீர் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிபோலத்தான் தெரியும், உள்ளே தசை கெட்டுப்போகும். அப்படிப் பட்டுவிட்டால் வலி இல்லையே என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், அதிக அழுத்தத் தண்ணீர் உள்ளே பாய்ந்தது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். கசிவைத் தேட ஒரு அட்டைத் துண்டை ஹோஸ் அருகே நகர்த்தினால் போதும், நனையும் இடம் காட்டிக்கொடுக்கும்.

முதலில் துடிப்பின் வேகத்தைக் கவனியுங்கள்

கன்னை அழுத்திப் பிடித்து, ஹோஸைத் தொடாமல், அது நடுங்குவதைக் கவனியுங்கள். துடிப்பு இரண்டு வகை.

எண்ண முடியாத வேகத்தில் ஹோஸ் நடுங்கினால் அது பம்பின் சுற்றோடு சேர்ந்த துடிப்பு. ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை, அல்லது தண்ணீரோடு காற்றும் உள்ளே போகிறது. அறிகுறி 1-க்குப் போங்கள்.

ஒன்று, இரண்டு என்று எண்ணும்படி ஏறி இறங்கினால் அது அன்லோடர் வால்வு (பிரஷர் மிஞ்சினால் தண்ணீரைப் பின்னால் திருப்பிவிடும் வால்வு), நாசில், அல்லது தண்ணீர் வரத்து சம்பந்தப்பட்டது. அறிகுறி 2 பாருங்கள்.

துடிப்பே இல்லாமல் பிரஷர் மட்டும் குறைவு என்றால் அறிகுறி 3. நன்றாகத் தொடங்கிச் சில நிமிடத்தில் சரிந்தால் அறிகுறி 4.

பம்புக்கும் ஹோஸுக்கும் நடுவில் பிரஷர் காட்டும் கேஜ் இருந்தால் இன்னும் தெளிவு. முள் லேசாக அதிர்வது இயல்பு. முழு அகலத்துக்கு முன்னும் பின்னும் அடித்தால் சிலிண்டர் கோளாறு. கேஜுக்குள் இருந்த கிளிசரின் வடிந்துபோயிருந்தால் நல்ல பம்பிலும் முள் ஆடும்; அப்போது வேறு கேஜ் மாட்டிப் பாருங்கள்.

அறிகுறி 1: ஹோஸ் படபடவென்று நடுங்குகிறது, பிரஷரும் குறைவு

*தண்ணீர் போதுமா?* பம்பின் பிளேட்டில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று எழுதியிருக்கும். 8 லிட்டர் என்றால் குழாயிலிருந்து 10 லிட்டராவது வர வேண்டும். பம்போடு சேரும் இன்லெட் முனையைக் கழற்றி வாளியில் விடுங்கள். 10 லிட்டர் வாளி ஒரு நிமிடத்துக்குள் நிறைய வேண்டும். குழாயடியில் அளக்காதீர்கள், ஹோஸின் கடைசி முனையில் அளந்தால்தான் பம்புக்குக் கிடைப்பது தெரியும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து நேராக எடுப்பவர்களுக்கு இங்கேதான் சிக்கல்: ஒரு மீட்டர் உயரத்துக்குச் சுமார் 0.1 பார்தான் கிடைக்கும். தொட்டி 4 மீட்டர் மேலே இருந்தாலும் 0.4 பார்தான், அதுவும் அரை இஞ்ச் ஹோஸில் நீளம் கூடக்கூடக் கரைந்துவிடும். முக்கால் இஞ்ச் ஹோஸ் மாட்டுங்கள், நீளத்தைக் குறையுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் ஒரு டிரம்மில் நிரப்பி அதிலிருந்து எடுங்கள்.

தண்ணீர் பற்றாமல் ஓடும் பம்பு, உள்ளே ஜல்லி உருள்வதுபோலச் சத்தம் போடும். அந்தச் சத்தத்தோடு ஓட விட்டால் இரண்டு இடத்தில் அடி விழும்: வால்வு சீட்டில் பள்ளம் விழும், சீல் சூடாகிக் கருகும். தண்ணீர்க் குறைபாட்டில் தொடங்கியது சீல் கிட் செலவில் முடியும்.

*இன்லெட் ஃபில்டர்.* ஹோஸ் மாட்டும் இடத்தில் விரல்நுனி அளவு வலை ஒன்று இருக்கும். இடுக்கியால் இழுத்தால் வந்துவிடும். போர் தண்ணீர் பிடிக்கும் இடங்களில் வெள்ளைக் காரை படிந்து வலையின் கண்கள் அடைந்திருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் சுத்தமாகவே தெரியும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால்தான் அடைப்பு தெரியும். எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீரில் அரை மணி நேரம் போட்டுப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். கிழிந்த வலையை மாட்டவே மாட்டாதீர்கள். வலை இல்லாமல் ஓட்டவும் வேண்டாம். ஒரே ஒரு மணல் துகள் வால்வுக்கு அடியில் உட்கார்ந்தால் போதும், அந்த சிலிண்டர் கணக்கில் இல்லை.

*காற்று புகுகிறதா?* டிரம்மிலிருந்து உறிஞ்சும் அமைப்பில் இதுதான் பெரிய குற்றவாளி. தண்ணீர் கசியாத இணைப்பிலும் காற்று புகும், ஏனென்றால் உறிஞ்சும் பக்கத்தில் உள்ளிழுப்புதான் இருக்கிறது, வெளியே தள்ளும் அழுத்தம் இல்லை. அதனால் ஈரம் தேடிப் பயனில்லை. பம்பு ஓடும்போது ஒவ்வொரு இணைப்பின் மேலும் கெட்டியான சோப்பு நுரை தடவுங்கள். நுரை உள்ளே உறிஞ்சப்படும் இடம்தான் ஓட்டை. திரிந்த வாஷரை மாற்றி, மரையில் டெஃப்ளான் டேப்பை மரை முறுகும் திசையில் ஐந்தாறு சுற்று சுற்றி இறுக்குங்கள். சாதாரணத் தோட்ட ஹோஸை உறிஞ்ச வைக்கக் கூடாது, உள்ளே சப்பையாகிவிடும். கம்பிச் சுருள் வைத்த சக்ஷன் ஹோஸ்தான் வேண்டும். கண்ணாடிபோல உள்ளே தெரியும் ஹோஸ் கிடைத்தால் வாங்குங்கள், குமிழி ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

எச்டிபி பம்பில் இன்னொன்று உண்டு. மிச்சத் தண்ணீரை விடும் பைபாஸிலிருந்து திரும்பும் குழாய் டிரம்மில் தண்ணீருக்கு மேலே தொங்கினால் தண்ணீர் கொட்டும் வேகத்தில் காற்றுக் குமிழி உண்டாகும், அதைப் பக்கத்திலேயே இருக்கும் சக்ஷன் வடிகட்டி இழுத்துக்கொள்ளும். திரும்பும் முனையைத் தண்ணீருக்குள் அமுக்கி, சக்ஷனிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள்.

சோப்பு உறிஞ்சும் குழாய் வைத்த மெஷினில், சோப்பு டப்பா காலியாக இருந்து குமிழ் திறந்திருந்தால் அந்த வழியாகவும் காற்று போகும். குமிழை மூடிவிட்டு ஓட்டிப் பாருங்கள். துடிப்பு நின்றால் காரணம் கிடைத்தது.

கடைசியாக, உள்ளே சேர்ந்த காற்றை வெளியேற்றுங்கள். நாசிலைக் கழற்றி, மோட்டார் ஓடாமல், குழாய்த் தண்ணீரைத் திறந்து, கன்னை அழுத்திப் பிடியுங்கள். துப்பித் துப்பி வரும் தண்ணீர் ஒரே சீராக வந்தபின் மோட்டாரைப் போடுங்கள்.

*இத்தனைக்கும் அடங்காவிட்டால் வால்வு.* மூன்று பிளஞ்சர் பம்பில் ஆறு வால்வு: உள்ளே விடுபவை மூன்று, வெளியே தள்ளுபவை மூன்று. ஒன்றில் மணல் சிக்கினாலோ ஸ்பிரிங் முறிந்தாலோ அந்த சிலிண்டர் தண்ணீரை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருக்கும், வெளியே தள்ளாது. மூன்றில் ஒன்று விடுபடுவதால்தான் அந்த நடுக்கம்.

உறுதி செய்ய ஒரு அளவு இருக்கிறது. டிரம்மிலிருந்து எடுத்து, லான்ஸை (கன்னின் முன்னால் நீளும் குழாய்) கழற்றி, 20 லிட்டர் வாளியை நிரப்பி நேரம் பாருங்கள். நிமிடத்துக்கு 12 லிட்டர் பம்பு 100 விநாடியில் நிரப்ப வேண்டும். 150 விநாடி பக்கம் இழுத்தால் ஒரு சிலிண்டர் சும்மா ஓடுகிறது. குழாயில் நேராக இணைத்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்; குழாயின் அழுத்தமே வால்வுகளைத் தள்ளிக்கொண்டு வந்து அளவைக் கெடுத்துவிடும்.

வால்வைக் கழற்றுவது பித்தளை ஹெட் (வால்வுகள் உட்காரும் பகுதி) வைத்த பம்பில் கடினமில்லை. ஹெட்டில் அறுகோணத் தலை வைத்த மூடிகள் தெரியும். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் திறங்கள். மூடி, ஓ-ரிங், அதற்குக் கீழே வால்வுக் கூடு. கூட்டை வளைந்த கம்பியால் நேராக மேலே இழுங்கள். ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பினால் சீட் கீறிவிடும். பேனா முனையால் வால்வுத் தட்டை அமுக்குங்கள். உடனே துள்ளித் திரும்ப வேண்டும். திரும்பாமல் சாய்ந்தே நின்றால் ஸ்பிரிங் போயிற்று. தட்டு உட்காரும் வளையத்தை நகத்தால் வருடுங்கள்: நகம் தட்டும் அளவு பள்ளம் இருந்தால் அந்த வால்வு தேறாது. பள்ளம் இல்லாமல் மணலோ நூலோ மட்டும் இருந்தால் கழுவிப் போட்டாலே பம்பு பழைய பிரஷருக்கு வரும்.

ஒன்று தேய்ந்திருந்தால் ஆறையும் மாற்றுங்கள். அதே மணல் தண்ணீர்தான் ஆறிலும் ஓடியிருக்கிறது; ஒன்றை மட்டும் மாற்றினால் அடுத்தது சீக்கிரமே போகும், திரும்பவும் பிரிக்க வேண்டும். பழைய ஓ-ரிங் மூடியோடு சேர்ந்து வராமல் உள்ளேயே ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு உட்கார்ந்தால் மூடி முழுதாக இறங்காது, ஹெட்டே வெடிக்கலாம்.

அறிகுறி 2: அலையாக ஏறி இறங்குகிறது

நாசிலில் பாதி அடைப்பு என்பதே முதல் சந்தேகம். தண்ணீர் வெளியேற வழி குறைந்ததும் பிரஷர் ஏறும், அன்லோடர் வால்வு திறந்து தண்ணீரைப் பின்னால் விடும், பிரஷர் விழும், வால்வு மூடும், மறுபடி ஏறும். மெல்லிய எஃகுக் கம்பியை நாசிலின் வெளி வாய் வழியாக விட்டுத் துகளை வந்த பக்கமே தள்ளுங்கள். பிறகு தலைகீழாகப் பிடித்துத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். துளையைப் பெரிதாக்கும் எதையும் உள்ளே திணிக்காதீர்கள்.

வேறு மெஷினின் நாசிலை மாட்டியிருந்தாலும் இதே அலை வரும். நாசிலில் பொறித்திருக்கும் எண் அதன் அளவு. பம்பின் லிட்டர் கணக்குக்குச் சின்ன நாசில் போட்டால் அன்லோடர் ஓயாமல் திறந்து மூடும்.

அடுத்து தண்ணீர் வரத்து. அடுக்குமாடிகளில் பூஸ்டர் பம்பு வைத்திருந்தால், அதன் பிரஷர் சுவிட்ச் போட்டு அணைப்பதே அலையாகத் தெரியும். பூஸ்டர் சத்தமும் உங்கள் ஹோஸின் ஏற்ற இறக்கமும் ஒரே தாளத்தில் போகிறதா என்று கேளுங்கள். போனால் மெஷினில் ஒன்றுமில்லை. டிரம்மில் நிரப்பி எடுங்கள்.

நாசிலும் வரத்தும் சரி என்றால் அன்லோடர். உள்ளே பிஸ்டனில் இருக்கும் ஓ-ரிங் தேய்ந்திருக்கும், அல்லது காரை பிடித்துப் பிஸ்டன் சிக்கிச் சிக்கி நகரும். கழற்றிக் கழுவி, ஓ-ரிங் மாற்றி, தண்ணீர்க் குழாய் வேலைக்கான சிலிக்கான் கிரீஸ் கொஞ்சம் தடவிப் பூட்டலாம். சாதாரண வண்டி கிரீஸ் சில வகை ரப்பரை ஊத வைக்கும், அது வேண்டாம். கழற்றும் முன் பிரஷர் திருகு எத்தனை சுற்று உள்ளே இருக்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அன்லோடர்தான் இந்த மெஷினின் பாதுகாப்பு வால்வும்கூட. பிரஷர் போதவில்லை என்று கேஜ் இல்லாமல் அந்தத் திருகை முறுக்குபவர்கள், கன்னை விட்டதும் ஹோஸ் வெடிக்கும் நிலைக்குக் கொண்டுபோகிறார்கள். கேஜ் இல்லையென்றால் அந்தத் திருகைத் தொடாதீர்கள்.

அறிகுறி 3: துடிப்பு இல்லை, பிரஷர் மட்டும் குறைவு

நாசில் தேய்மானம். புது நாசில் போட்டுப் பாருங்கள், இதைவிட மலிவான சோதனை இல்லை. துளையின் விட்டம் பத்தில் ஒரு பங்கு பெருத்தாலே, அதே தண்ணீர் அளவில், பிரஷர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கண்ணுக்குத் தெரியாத தேய்மானம் அது. விசிறி வடிவில் வர வேண்டிய தண்ணீர் நடுவில் தடித்து ஓரங்களில் மெலிந்தால் நாசில் முடிந்துவிட்டது. கறுப்பு நாசில் சோப்புக்கு உரியது, பிரஷர் தரவே தராது. அதை மாட்டிவிட்டுப் பம்பைத் திட்டுவதும் நடக்கிறது. முனையைத் திருகும் வகை லான்ஸில் முனை 'லோ' பக்கம் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

பெல்ட் பம்பில் கன்னை அழுத்தும்போது கீச்சென்று சத்தமும் ரப்பர் வாடையும் வந்தால் பெல்ட் வழுக்குகிறது. இறுக்குங்கள், பக்கங்கள் பளபளவென்று கண்ணாடிபோல ஆகியிருந்தால் மாற்றுங்கள். இரண்டு பெல்ட் என்றால் இரண்டையும் சேர்த்தே.

கரன்ட். கார்பன் பிரஷ் வைத்த சின்ன மெஷின் வோல்டேஜ் குறைந்தால் சுற்றும் குறையும், பிரஷரும் அதோடு விழும். 1800 வாட் மெஷின் 230 வோல்ட்டில் 8 ஆம்பியர் அளவு இழுக்கும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுருட்டியபடியே வைத்து ஓட்டினால் ஒயர் சூடாகும், மெஷின் திணறும். ஒயரை முழுதாக விரியுங்கள், நீளம் அதிகமென்றால் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் வாங்குங்கள். சுவரில் நேராகச் செருகி ஓட்டினால் சரியாகிறதா என்பதே இதற்கான சோதனை.

எச்டிபி பம்பில் பிரஷரைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரை நன்றாக முறுக்கி, கன்னைத் திறந்து வைத்தும் திரும்பும் குழாயில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டினால் ரெகுலேட்டர் வால்வும் சீட்டும் தேய்ந்திருக்கின்றன. திரும்பும் குழாயில் கொஞ்சமாக வருவது இயல்பு.

அறிகுறி 4: நன்றாகத் தொடங்கி, சில நிமிடத்தில் சரிகிறது

தொட்டியில் நீர்மட்டம், வெயிலில் இளகிச் சப்பையாகும் ஹோஸ், ஓட ஓட அழுக்கு சேரும் ஃபில்டர், இந்த வரிசையில் பாருங்கள். மூன்றும் சரியென்றால் தண்ணீரின் சூட்டைக் கவனியுங்கள். கன்னை விட்டபின்னும் மோட்டார் ஓடும் வகையில், அதே தண்ணீர் பம்புக்குள்ளேயே சுற்றிச் சூடேறும். இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் அப்படி விடக் கூடாது. வெயிலில் காய்ந்த தொட்டித் தண்ணீர் என்றால் இன்னும் சீக்கிரம் சூடாகும். சூடு பட்ட சீல் இளகிக் கசியும், குளிர்ந்ததும் ஓரளவு பிடிக்கும். அதனால்தான் மறுநாள் காலை நன்றாக ஓடுகிறது, பத்து நிமிடத்தில் மறுபடி இறங்குகிறது. இந்தச் சுழற்சி தொடங்கிவிட்டால் சீல் கிட் வாங்கும் நேரம் வந்துவிட்டது.

அறிகுறி 5: கன்னை விட்டபின் மோட்டார் தானாக ஓடி ஓடி நிற்கிறது

எங்கோ பிரஷர் கசிகிறது. நாசில் நுனியில் சொட்டினால் கன்னின் உள் வால்வு. ஹோஸ் இணைப்பில் சொட்டினால் அந்த ஓ-ரிங். வெளியே எங்கும் ஈரம் இல்லையென்றால் பம்பின் வெளிவாயில் இருக்கும், தண்ணீரைத் திரும்ப விடாத செக் வால்வு. அதன் ஓ-ரிங்கையும் ஸ்பிரிங்கையும் பாருங்கள். இந்த நிலையில் பிளக்கில் போட்டபடி விட்டுப் போகாதீர்கள், மோட்டார் கருகும்.

அறிகுறி 6: பம்புக்கு அடியில் தண்ணீர், அல்லது ஆயில் பால் நிறம்

ஹெட்டுக்கும் ஆயில் பகுதிக்கும் நடுவில் எப்போதாவது ஒரு சொட்டு விழுவதற்குப் பயப்பட வேண்டாம். சொட்டு இழையாக மாறினால் பிளஞ்சர் பேக்கிங் (பிளஞ்சரைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் பிடிக்கும் சீல்) தேய்ந்துவிட்டது. எச்டிபி பம்பில் முதலில் கிரீஸ் கப்பைத் திருகிப் பாருங்கள். பல நாள் திருகாமல் விட்ட பேக்கிங் காய்ந்து கசியும், கிரீஸ் ஏறியதும் நின்றுவிடுவதும் உண்டு. நிற்காவிட்டால் பேக்கிங் செட். செட் மாற்றும்போது வெள்ளைப் பிளஞ்சரை வெளிச்சத்தில் சுழற்றிப் பாருங்கள். மயிரிழை விரிசல் இருந்தாலும் அதையும் மாற்றியாக வேண்டும், இல்லையேல் புது பேக்கிங்கை அது அறுத்துவிடும்.

ஆயில் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் ஆயிலுக்குள் போய்விட்டது. உடனே நிறுத்துங்கள். ஆயிலை மட்டும் மாற்றி ஓட்டினால் மறுபடி வெளுக்கும், அதற்குள் பேரிங்கில் துரு ஏறும். பேக்கிங்கும் ஆயில் சீலும் மாற்றியபின்தான் புது ஆயில். புதிதாக வாங்கிய பம்பில் பொதுவாக முதல் 50 மணி நேரத்தில் ஒருமுறையும், பிறகு 500 மணி நேரத்துக்கு ஒருமுறையும் ஆயில் மாற்ற வேண்டும். கையேட்டில் வேறு கணக்கு இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

மெக்கானிக்கிடம் கொடுக்க வேண்டிய இடம்

வால்வு மாற்றியும் வாளிச் சோதனையில் தண்ணீர் அளவு தேறாதபோது. ஆயில் வெளுத்தபோது. ஹெட்டில் விரிசல் தெரிந்தால், அல்லது வால்வுக் கூடு உட்காரும் பள்ளமே அரித்திருந்தால். ஆயில் பகுதியிலிருந்து உலோகம் தட்டும் சத்தம் வந்தால். மோட்டார் உறுமிக்கொண்டு சுழலாமல் நின்றால், கெபாசிட்டரா மோட்டாரின் காயில் சுற்றா என்று பார்ப்பது எலக்ட்ரீஷியன் வேலை. கரன்ட்டைத் துண்டித்த பின்னும் கெபாசிட்டர் ஷாக் அடிக்கும். மெஷின் உடம்பைத் தொட்டால் லேசாகச் சுள்ளென்றாலும், ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்தாலும் அதை மறுபடி தூக்கிவிட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள்.

வீட்டுச் சின்ன மெஷின்களில் ஹெட் பிளாஸ்டிக்காக இருந்தால் கணக்கு வேறு. அதில் மரை ஒருமுறை நசுங்கினால் சரிசெய்ய முடியாது, சீல் கிட் தனியாகக் கிடைப்பதும் அரிது. மெக்கானிக்கிடம் போகும் முன் பம்பு தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று கேளுங்கள். கூலியும் பம்பும் சேர்ந்து புது மெஷின் விலையில் பாதியைத் தாண்டினால் பழுது பார்ப்பதில் லாபமில்லை. பித்தளை ஹெட் வைத்த பம்பாக இருந்தால் தயங்காமல் கிட் போடச் சொல்லுங்கள். கொடுக்கும்போது வாளி நிறைந்த விநாடிக் கணக்கையும், எதையெல்லாம் பார்த்துவிட்டீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கூடவே கொடுங்கள்; கழற்றிய பழைய வால்வுகளையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். தேய்ந்த வால்வைப் பார்த்தாலே மணலா, காற்றா, சூடா என்று வேலை தெரிந்தவர் சொல்லிவிடுவார்.